உலக வணிகத்தில் விநியோகச் சங்கிலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டில் தயாரான சரக்கை வாங்கி இன்னொரு நாட்டில் விற்கும் நிறுவனங்களில், இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குக் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும்.

விநியோகச் சங்கிலியும் லாஜிஸ்டிக்ஸும் ஒன்றுதானா?

இல்லை. சரக்கை ஏற்றுவது, இறக்குவது, கொண்டுபோவது, கிடங்கில் வைப்பது எல்லாம் லாஜிஸ்டிக்ஸ். யாரிடம் வாங்குவது, எப்போது ஆர்டர் போடுவது, எந்தக் கிடங்கில் எவ்வளவு வைப்பது, பணம் எப்போது கைமாறும் என்ற முடிவுகள் விநியோகச் சங்கிலி. தொல்லை முதலாவதில் தெரியும், அதன் வேர் பெரும்பாலும் இரண்டாவதில் இருக்கும். மூன்று வாரம் தாமதமாக ஆர்டர் போட்டுவிட்டு விமானத்தில் வரவழைத்தால், அந்தச் செலவு லாஜிஸ்டிக்ஸ் கணக்கில்தான் எழுதப்படும். அந்தத் துறை மேலாளர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார்.

கப்பலில் அனுப்புவதா, விமானத்தில் அனுப்புவதா?

உலக வணிகச் சரக்கில் அளவை வைத்துப் பார்த்தால் 80 சதவீதத்துக்கு மேல் கடல்வழியேதான் போகிறது. விமானத்தில் போவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் மதிப்பை வைத்துப் பார்த்தால் விமானத்தின் பங்கு மூன்றில் ஒன்றை நெருங்கும். அதாவது எடை குறைந்து விலை கூடிய பொருள், சீக்கிரம் கெடும் பொருள், நின்றுபோன தொழிற்சாலைக்கு வேண்டிய உதிரிபாகம் ஆகியவைதான் விமானத்தில் ஏறுகின்றன.

விமானக் கட்டணத்தில் புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எடைக்கு மட்டும் பணம் வாங்குவதில்லை, அடைக்கும் இடத்துக்கும் வாங்குவார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000ஆல் வகுத்தால் வருவது கன எடை. 60 × 50 × 40 பெட்டி என்றால் 20 கிலோ. உள்ளே இருப்பது 12 கிலோதான் என்றாலும் 20 கிலோவுக்கே கட்டணம். பல கூரியர் நிறுவனங்கள் 5,000ஆல் வகுக்கும், அங்கே அதே பெட்டி 24 கிலோ ஆகிவிடும். விலை பேரம் பேசுவதற்கு முன் பெட்டியைச் சின்னதாக்க முடியுமா என்று பாருங்கள். பல நேரம் அதில்தான் அதிக மிச்சம்.

கப்பலில் 20 அடி கன்டெய்னரின் உள்கொள்ளளவு சுமார் 33 கனமீட்டர், 40 அடியுடையது சுமார் 67. பெட்டிகளின் வடிவம் ஒத்துவராததால் அத்தனையும் நிரம்பாது. சரக்கு குறைவாக இருந்தால் மற்றவர்கள் சரக்கோடு சேர்த்து அனுப்பலாம். ஆனால் அதில் இறங்கும் துறைமுகத்தில் கனமீட்டருக்கு இவ்வளவு என்று கையாளும் கட்டணங்கள் வரிசையாக வரும். கன்டெய்னரில் பாதி நிரம்பும் அளவு சரக்கு இருந்தால் முழுக் கன்டெய்னர் விலையையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள்.

சரக்கு வர எத்தனை நாள் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

ஒவ்வொருவரும் வேறு வேறு தூரத்தை அளக்கிறார்கள். கப்பல் நிறுவனம் சொல்வது துறைமுகத்திலிருந்து துறைமுகம் வரை. உங்களுக்கு வேண்டியது ஆர்டர் போட்ட நாளிலிருந்து சரக்கு கிடங்கில் விற்பனைக்குத் தயாராக இருக்கும் நாள் வரை. நடுவில் தயாரிப்பு, தரப் பரிசோதனை, கப்பலில் இடம் பிடிப்பது, துறைமுகம் சரக்கை ஏற்கும் கடைசி நேரம், வழியில் வேறு கப்பலுக்கு மாற்றுவது, இறக்குவது, சுங்கம், லாரி என்று எவ்வளவோ இருக்கிறது. கப்பலில் இடம் நிறைந்துவிட்டால் உங்கள் கன்டெய்னரை அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிடுவார்கள். தேவை குறைந்த வாரங்களில் கப்பல் நிறுவனமே ஒரு பயணத்தை மொத்தமாக ரத்து செய்வதும் வழக்கம்.

அதனால் யார் சொல்லும் நாளையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சரக்கு ஒவ்வொன்றும் எந்த நாளில் எந்தக் கட்டத்தைத் தாண்டியது என்று நீங்களே எழுதி வையுங்கள். சராசரியோடு, அது எவ்வளவு முன்னே பின்னே போகிறது என்பதும் அதிலிருந்து தெரியவரும். இரண்டாவது எண்தான் முக்கியம். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

கையிருப்பு எவ்வளவு வைக்க வேண்டும்?

கணக்கே போட்டுவிடுவோம். ஒரு பொருள் நாளுக்குச் சராசரியாக 100 விற்கிறது. அதன் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், 20. ஆர்டர் போட்டால் வந்துசேர சராசரி 40 நாள், அதன் திட்ட விலக்கம் 10 நாள். நூறு தடவை ஆர்டர் போட்டால் 95 தடவை தட்டுப்பாடு வரக் கூடாது என்பது இலக்கு. அதற்குரிய பெருக்கெண் 1.65.

முதலில் 40ஐ 20இன் வர்க்கத்தால் பெருக்கினால் 16,000. அப்புறம் 100இன் வர்க்கத்தை 10இன் வர்க்கத்தால் பெருக்கினால் 10,00,000. இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, 1.65ஆல் பெருக்கினால் சுமார் 1,663. வழக்கமான 40 நாள் விற்பனைக்கு மேல் இவ்வளவு பாதுகாப்புக்காக வைக்க வேண்டும்.

அந்த இரண்டு எண்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். விற்பனை ஏறி இறங்குவதால் வந்தது 16,000. சரக்கு வரும் நாள் முன்னே பின்னே போவதால் வந்தது பத்து லட்சம். விற்பனைக் கணிப்பைத் துல்லியமாக்க ஆட்களையும் மென்பொருளையும் நிறுவனங்கள் கொண்டுவந்து குவிக்கின்றன. இந்தக் கணக்கில் அதன் பங்கு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை.

இப்போது இன்னொரு கப்பல் நிறுவனம் வருகிறது. அதில் 50 நாள் ஆகும், ஆனால் திட்ட விலக்கம் 2 நாள்தான். அதே கணக்கைப் போட்டால் 20,000உம் 40,000உம் சேர்ந்து, பாதுகாப்பு இருப்பு சுமார் 404க்கு இறங்கிவிடுகிறது. பத்து நாள் கூடுவதால் வழியில் இருக்கும் சரக்கு 1,000 அதிகமாகும். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் மொத்தம் 5,663இலிருந்து 5,404ஆகக் குறைகிறது. மெதுவான கப்பலில் குறைந்த சரக்கோடு வியாபாரம் நடத்த முடிகிறது. கட்டணமும் குறைவாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

இந்தச் சூத்திரம் ஏற்ற இறக்கம் சராசரிக்கு இரண்டு பக்கமும் சமமாகப் பரவியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் தாமதம் ஒரு பக்கமாகவே நீளும். பத்து நாள் முன்னதாக வந்த கப்பலை யாரும் பார்த்ததில்லை. ஆகவே வரும் எண்ணைக் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்வது நல்லது.

எஃப்ஓபி, சிஐஎஃப் என்றெல்லாம் சொல்கிறார்களே, எதைத் தேர்ந்தெடுப்பது?

எஃப்ஓபி என்றால் விற்பவர் சரக்கைக் கப்பலில் ஏற்றித் தருவது, சிஐஎஃப் என்றால் கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்துத் தருவது. இவை இன்கோடெர்ம்ஸ் என்ற விதித் தொகுப்பில் வருபவை. பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை 1936இல் முதலில் வெளியிட்டது. இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 பதிப்பு, அதில் 11 விதிகள். செலவு யாருடையது, சேத அபாயம் எந்த இடத்தில் கைமாறுகிறது, சுங்க வேலை யார் பொறுப்பு என்ற மூன்றையும் அவை சொல்கின்றன. சரக்கின் உரிமை எப்போது மாறும் என்பதைச் சொல்வதில்லை. அதைத் தனியாக ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

எஃப்ஓபி கன்டெய்னர் சரக்குக்குப் பொருந்தாது. ஆனால் உலகம் முழுக்க அதைத்தான் எழுதுகிறார்கள். அதன்படி சரக்கு கப்பலில் ஏறும்போதுதான் அபாயம் வாங்குபவரிடம் போகும். கன்டெய்னரையோ விற்பவர் பல நாள் முன்பே துறைமுக முனையத்தில் ஒப்படைத்துவிடுவார். அந்த நாட்களில் ஏதாவது ஆனால், தன் கையில் இல்லாத சரக்குக்கு விற்பவரே பொறுப்பு. இதற்காகவே, வாங்குபவர் அமர்த்திய போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைத்ததுமே அபாயம் கைமாறும் எஃப்சிஏ என்ற விதி இருக்கிறது, சபையும் அதைத்தான் பரிந்துரைக்கிறது.

விற்பவரின் ஆலையிலேயே வாங்குபவர் சரக்கை எடுத்துக்கொள்வது எக்ஸ்-ஒர்க்ஸ். அதன் விலை குறைவாகத் தெரியும். ஆனால் ஏற்றுமதிச் சுங்க வேலையும் வாங்குபவர் தலையில்தான் விழும். அந்த நாட்டில் பதிவே இல்லாத நீங்கள் அதை எப்படிச் செய்வீர்கள்? இதன் மறுமுனை டிடிபி. இறக்குமதி வரி உட்பட எல்லாம் விற்பவர் கட்ட வேண்டும். வாடிக்கையாளருக்கு வசதிதான். ஆனால் அவர் நாட்டில் வரிப் பதிவு இல்லாவிட்டால் சரக்கு சுங்கத்தில் நிற்கும், கட்டிய வரியும் சில இடங்களில் திரும்பாது.

எந்த விதியை எழுதினாலும் பக்கத்தில் இடத்தின் பெயரையும் 2020 பதிப்பு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்றெழுத்து மட்டும் இருந்தால் சண்டைதான் வரும்.

காப்பீடு உண்மையிலேயே வேண்டுமா? கப்பல்காரர்தான் பொறுப்பாயிற்றே?

கப்பல்காரரின் பொறுப்புக்கு உச்சவரம்பு இருக்கிறது. பல நாடுகள் பின்பற்றும் ஹேக்-விஸ்பி விதிகளின்படி, ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்டிஆர் அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இரண்டில் எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. விலையுயர்ந்த கருவிகளுக்கு இந்தத் தொகை எந்த மூலைக்கும் போதாது. புயல், மாலுமிகளின் வழிநடத்தும் பிழை போன்ற காரணங்களுக்கு அதுவும் கிடைக்காது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பொதுச் சராசரி என்று கடல் சட்டத்தில் ஒரு பழைய விதி உண்டு. கப்பலையும் சரக்கையும் ஆபத்திலிருந்து காப்பாற்ற ஆன செலவை, அந்தக் கப்பலில் சரக்கு வைத்திருக்கும் எல்லோரும் மதிப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் அடைத்துக்கொண்டு நின்றதே, அப்போது அதன் உரிமையாளர்கள் இதை அறிவித்தார்கள். தங்கள் பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழாதவர்களும் உத்தரவாதம் கொடுத்த பிறகே சரக்கை எடுக்க முடியும். காப்பீடு இருந்தால் நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் ரொக்கமாக வைப்புத்தொகை கட்ட வேண்டியதுதான்.

சிஐஎஃப் விலையில் காப்பீடு சேர்ந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் விற்பவர் எடுக்க வேண்டியது மிகக் குறைந்த பாதுகாப்புள்ள சி வகைதான். திருட்டு அதில் வராது. எல்லா அபாயங்களுக்கும் வேண்டுமென்றால் ஏ வகை என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சுங்கத்தில் ஏன் சரக்கு மாட்டிக்கொள்கிறது?

பெரும்பாலும் மூன்று கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் சரியில்லாததால்: இது என்ன பொருள், இதன் மதிப்பு என்ன, இது எந்த நாட்டில் உருவானது?

முதல் கேள்விக்குப் பதில், பொருள்களை வகைப்படுத்தும் எண்ணான எச்எஸ் குறியீடு. உலகச் சுங்க அமைப்பு உருவாக்கி 1988இல் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்று, அதற்குப் பிறகு ஒவ்வொரு நாடும் தன் விருப்பப்படி நீட்டிக்கொள்ளும். சப்ளையர் இன்வாய்சில் போட்ட குறியீட்டை அப்படியே எடுத்துப் போடுவது ஆபத்து. தவறாகப் போனால் அபராதம் இறக்குமதி செய்தவருக்கு. சந்தேகமான பொருளுக்கு, சரக்கு கிளம்புவதற்கு முன்பே சுங்கத் துறையிடம் முன்கூட்டிய தீர்ப்பு வாங்கும் வழி பல நாடுகளில் இருக்கிறது. வியப்பாக, அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

உருவான நாடு என்பது சரக்கு கப்பலேறிய நாடு அல்ல. எங்கே கணிசமாக மாற்றப்பட்டதோ அந்த நாடு. தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் வரிச் சலுகையை நம்பி விலை வைத்துவிட்டு, சான்றிதழ் கேட்கும்போது மூலப்பொருளில் பெரும்பகுதி வேறு நாட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தால் லாபம் போச்சு.

அப்புறம், மரப் பலகைகள். பூச்சி பரவாமல் இருக்க, ஏற்றுமதிப் பேக்கிங் மரத்தைச் சூடாக்கியோ புகையூட்டியோ முத்திரை குத்த வேண்டும் என்பது ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி. முத்திரை இல்லாத ஒரு பலகைக்காக முழுக் கன்டெய்னரையே திருப்பி அனுப்பிவிட முடியும்.

எல்சி இருந்தால் பணத்துக்கு ஆபத்து இல்லைதானே?

எல்சி என்பது, கேட்ட ஆவணங்களைக் கொடுத்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி எழுதித் தரும் கடன் உறுதிக் கடிதம். ஆனால் வங்கி பார்ப்பது காகிதத்தை மட்டும், சரக்கை அல்ல. உலக வங்கிகள் பின்பற்றும் யுசிபி 600 விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. காகிதம் சரியாக இருந்தால், பெட்டிக்குள் கல் இருந்தாலும் வங்கி பணம் கொடுத்துவிடும். சரக்கு அருமையாக இருந்து, கப்பல் நிறுவனம் சரக்கை ஏற்றதற்குத் தரும் பில் ஆஃப் லேடிங் என்ற ஆவணத்தில் தேதி ஒரு நாள் தவறியிருந்தால் மறுத்துவிடும். வாங்குபவர் சரக்கு ஏறும் முன் மூன்றாம் நபர் பரிசோதனைச் சான்றிதழையும் எல்சியில் ஓர் ஆவணமாகச் சேர்க்க வேண்டும். விற்பவர், தன்னால் தர முடியாத ஆவணம் ஏதாவது கேட்கப்பட்டிருக்கிறதா என்று எல்சி வந்த அன்றே படித்துப் பார்க்க வேண்டும், கப்பல் போன பிறகு அல்ல.

டெமரேஜ், டிடென்ஷன் என்ன வித்தியாசம்?

நிரம்பிய கன்டெய்னர் துறைமுகத்துக்குள் இலவச நாட்களைத் தாண்டி நின்றால் டெமரேஜ். வெளியே எடுத்துப்போய்க் காலிக் கன்டெய்னரைத் திருப்பித் தராமல் வைத்திருந்தால் டிடென்ஷன். இரண்டும் நாள் ஆக ஆக விகிதம் கூடிக்கொண்டே போகும். இதைத் தவிர, துறைமுகமும் தன் பங்குக்கு இடவாடகை கேட்கலாம். இலவச நாட்களைப் பேச வேண்டிய நேரம் கட்டணம் பேசும்போதே.

ஒரே சப்ளையரா, பலரா?

2000 மார்ச்சில் அமெரிக்காவின் அல்புகர்க்கியில் இருந்த பிலிப்ஸ் சிப் ஆலையில் மின்னல் தாக்கித் தீப்பிடித்தது. நெருப்பு பத்து நிமிடத்தில் அணைந்தது. ஆனால் தூசு படியாத அறைகள் புகையால் கெட்டுப்போயின. அங்கிருந்து வாங்கிய இரு பெரிய கைபேசி நிறுவனங்கள் நோக்கியாவும் எரிக்சனும். நோக்கியா தாமதத்தை உடனே கவனித்து, கிடைத்த இடத்திலெல்லாம் மாற்றுச் சிப்புகளைப் பிடித்தது. எரிக்சனுக்கு அந்தப் பாகத்துக்கு வேறு வழியே இல்லை, பெரும் நஷ்டம் கண்டது. மறு ஆண்டே கைபேசித் தொழிலை சோனியோடு கூட்டாக்கிக்கொண்டது. அதற்கு இந்தத் தீ ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் பங்கு சிறிதல்ல.

சரி, இரண்டு சப்ளையர் வைத்துவிட்டால் தீர்ந்ததா? இருவரும் ஒரே ஆலையில் மூலப்பொருள் வாங்கினால் உங்களுக்கு உண்மையில் ஒருவர்தான். 2011இல் ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு டொயோட்டா கண்ட பாடம் அதுதான். அதன் பிறகு சப்ளையரின் சப்ளையர் வரை யார் எங்கே இருக்கிறார் என்று பட்டியல் எடுத்தது. மாற்று கிடைக்க எத்தனை மாதம் ஆகுமோ அத்தனை மாதத்துக்குச் சிப்புகளை இருப்பு வைக்கும்படியும் சப்ளையர்களைக் கேட்டது. இருப்பை முடிந்தவரை குறைத்து நடத்தும் உற்பத்தி முறைக்குப் பேர்போன நிறுவனமே இருப்பு வைத்தது. 2021 தொடக்கத்தில் சிப் பற்றாக்குறை மற்ற கார் நிறுவனங்களை முடக்கியபோது டொயோட்டாவால் கூடுதல் காலம் தாக்குப்பிடிக்க முடிந்தது.

எல்லாப் பொருளுக்கும் இரண்டு சப்ளையர் தேவையில்லை. எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும் அட்டைப்பெட்டிக்கு எதற்கு? விலை குறைவாக இருந்தும், இல்லாவிட்டால் மொத்த உற்பத்தியும் நின்றுவிடும் பாகங்களைத் தேடுங்கள். செலவுப் பட்டியலின் அடியில் இருப்பதால் அவை யார் கண்ணிலும் படுவதில்லை.

கடையில் விற்பனை சீராக இருக்கிறது, தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர் மட்டும் ஏன் தாறுமாறாக ஏறி இறங்குகிறது?

இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தைகளின் டயப்பர் ஆர்டர்களில் இதைக் கவனித்தது. குழந்தைகள் மாதாமாதம் ஒரே அளவில்தான் பயன்படுத்துகிறார்கள், ஆனால் மொத்த வியாபாரிகளின் ஆர்டர் ஏறி இறங்கியது. தொழிற்சாலை மூலப்பொருளுக்குப் போட்ட ஆர்டர் அதைவிட ஆடியது. மாதம் ஒருமுறை மொத்தமாக ஆர்டர் போடுவது, தள்ளுபடிக்காக வாங்கிக் குவிப்பது, தட்டுப்பாடு வரும் என்று பயந்து இரண்டு மடங்கு கேட்பது எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை இது. கடைசி விற்பனை எண்ணை எல்லாக் கட்டத்துக்கும் காட்டுவதும், சிறிய ஆர்டராக அடிக்கடி போடுவதும் குறைக்கும் வழிகள். தட்டுப்பாட்டில், கேட்ட அளவைப் பார்த்துப் பங்கிடாமல் முன்பு விற்ற அளவைப் பார்த்துப் பங்கிட்டால் போலி ஆர்டர் நின்றுவிடும்.

கால்வாய் அடைபட்டால், போர் வந்தால் என்ன செய்வது?

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், பெரும்பாலான கன்டெய்னர் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஆசியாவுக்கும் வட ஐரோப்பாவுக்கும் இடையே சுமார் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கூடியது. முதல் சில வாரங்களில் குழப்பம்: எந்தக் கப்பல் எந்த வழி என்றே தெரியவில்லை. பிறகு கால அட்டவணைகள் புதிய நீளத்துக்கு மாறிக்கொண்டன. மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள்: தெரிந்த பத்து நாளை ஆர்டரை முன்னதாகப் போட்டுச் சமாளிக்கலாம், கஷ்டம் அந்த முதல் வாரங்களுக்கு மட்டும். பாதுகாப்பு இருப்பு இருப்பதே அதற்காகத்தான்.

பனாமாவில் கால்வாய் நடத்த நன்னீர் வேண்டும். 2023 வறட்சியில் ஏரி நீர் குறைந்ததால், தினமும் 36 கப்பல் போன இடத்தில் 2024 தொடக்கத்தில் 24தான் அனுமதிக்கப்பட்டது. இது பல மாதம் முன்பே ஏரியின் மட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியது. கப்பல் நிறுவனம் திவாலாவது வேறு விதம்: 2016 ஆகஸ்டில் ஹன்ஜின் விழுந்தபோது, கட்டணம் கிடைக்காது என்று துறைமுகங்கள் மறுத்ததால் அதன் கப்பல்கள் சரக்கோடு கடலிலேயே நின்றன. முக்கியமான காலத்தின் மொத்தச் சரக்கையும் ஒரே நிறுவனத்திடமோ ஒரே கப்பலிலோ ஏற்றாமல் இருப்பது இதற்குச் செலவில்லாத மருந்து.

பெரிய மென்பொருள் வாங்கியே ஆக வேண்டுமா?

மாதம் நூற்றுக்கணக்கில் சரக்குகள் நகர்ந்தால் வேண்டும். அதற்குக் கீழே எக்செல் போதும். வரிசைக்கு ஒரு சரக்கு. நெடுவரிசைகளில் ஆர்டர் நாள், தயாரான நாள், கப்பல் ஏறுவதாகச் சொன்ன நாள், ஏறிய நாள், வந்த நாள், சுங்கம் முடிந்த நாள், கிடங்கு சேர்ந்த நாள். சொன்ன நாளும் நடந்த நாளும் தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதி அழித்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டு கட்டணம் பேச ஃபார்வர்டர், அதாவது உங்களுக்காகச் சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்யும் முகவர், வரும்போது இந்தத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.